சித்தியின் பாதி

எங்கள் அபிராமபுரம் வீட்டின் கிரயப் பத்திரத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று என் சித்தியுடையது, அம்மாவின் தங்கை. அம்மாவின் பெயர் அதில் எங்கும் கிடையாது.

அப்படி ஆனதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. அப்பா வேலை பார்த்தது ஒரு தனியார் கம்பெனியில். வீடு வாங்க அங்கே கடன் தர மாட்டார்கள். சித்தி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், அரசாங்க உத்தியோகம். அவள் கேட்டால் கடன் கிடைக்கும். ஆனால் கடன் வாங்குகிறவர் பெயர் பத்திரத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே பாதி அப்பா பெயரிலும் பாதி சித்தி பெயரிலும் பதிவாயிற்று. அப்பா தன் சேமிப்பைப் போட்டார். அது போதாமல் அம்மாவின் நகைகளையும் விற்றுப் போட்டார். சித்தியின் பங்குக்கு மாதாமாதம் அவள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். சித்திக்கு முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை வந்த வரன்கள் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போயிருந்தன. கடன் தொடங்கிய பிறகு வரன் பார்ப்பதில் யாருக்கும் அவசரம் இல்லாமல் போயிற்று. யாரும் திட்டம் போட்டு அப்படிச் செய்ததாக நான் நினைக்கவில்லை. கடன் கொஞ்சம் குறையட்டும் என்று அப்பா சொல்லியிருப்பார். அம்மாவும் சரி என்று இருந்திருப்பாள். கடன் முடிந்தபோது சித்திக்கு நாற்பது தாண்டிவிட்டிருந்தது. அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

சமையலறையை ஒட்டியிருந்த சின்ன அறைதான் சித்திக்கு. முக்கால்வாசி நாட்கள் அவளுக்கு இரவு டியூட்டி. பகலில் தூங்குவாள். விடுமுறை நாட்களில் நானும் அண்ணனும் ஹாலில் ஓடினால், "சித்தி தூங்குறா, சத்தம் போடாதீங்க" என்று அம்மா அதட்டுவாள். மாலையில் எழுந்ததும் சித்தி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, தூக்கம் கலையாத கண்களோடு பாடம் கேட்பாள். அண்ணன்மீது அவளுக்குத் தனிப் பிரியம். அவனுடைய முதல் சைக்கிள், முதல் கைக்கடிகாரம் எல்லாம் அவள் வாங்கித் தந்தவை.

அம்மா கெட்டவள் அல்ல. ஆனால் நகை போன துக்கமும் பத்திரத்தில் தன் பெயர் இல்லாத துக்கமும் அவளிடம் கடைசிவரை இருந்தன. வீட்டுக்கு யார் வந்தாலும், "என் தங்கச்சி, எங்களோடதான் இருக்கா" என்று அறிமுகம் செய்து வைப்பாள். சித்தி சிரித்தபடி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போவாள். பாதி வீடு தன்னுடையது என்று அவள் வாயால் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பா போனார். சில வருடங்கள் கழித்து அம்மாவும் போனாள். அப்பாவின் பாதி எனக்கும் அண்ணனுக்கும் கால், காலாக வந்தது. என் கணவர் மாரடைப்பில் இறந்தபோது நான் மகளை அழைத்துக்கொண்டு அபிராமபுரத்துக்கே திரும்பி வந்திருந்தேன். மயிலாப்பூரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எனக்கு வேலை. மகள் படித்து முடித்துக் கல்யாணமாகிப் புனேவுக்குப் போனாள். கடைசியில் அந்த வீட்டில் நானும் சித்தியும் மட்டும் மிஞ்சினோம்.

வீடும் எங்களோடு சேர்ந்து தேய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு கொஞ்சம் உயர்ந்தது. நாங்கள் குடிவந்தபோது படி ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். இப்போது தெருவிலிருந்து படி இறங்க வேண்டியிருந்தது. ஐப்பசி பிறந்தாலே போதும். மழைத்தண்ணீரும் சாக்கடையும் சேர்ந்து ஹாலுக்குள் வரும். கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்துவிட்டு, நானும் சித்தியும் அதன்மேல் காலை மடக்கி உட்கார்ந்து தண்ணீர் வடியக் காத்திருப்போம். வடிந்த பிறகு பினாயில் போட்டுக் கழுவுவோம். அந்த நாற்றம் பொங்கல் வரை போகாது.

அண்ணனுக்கு அடையாறில் ஏ.சி. விற்கும் கடை. ஒரு காலத்தில் சித்திரை மாதத்தில் அவனைப் பார்க்கவே முடியாது, அவ்வளவு வியாபாரம். பிறகு ஜனங்கள் போனிலேயே ஏ.சி. வாங்கக் கற்றுக்கொண்டார்கள். கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினான். மகனை ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்த்திருந்தான். கடன் எங்கெங்கே வாங்கினான் என்று அண்ணிக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டே, "வித்துடலாம். இந்த வீடு இனிமே தாங்காது. நானும் தாங்க மாட்டேன்" என்றான். சித்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். சரிப்பா என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கீரையை எடுத்துக்கொண்டாள். நாற்பது வருடம் இருந்த வீட்டைப் பற்றிய பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடிந்துபோனது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

தரகர் ஒருவர் வந்தார். பக்கத்து மனையையும் சேர்த்து வாங்க ஒரு பில்டர் தயாராக இருந்தார். "ரேட்டு நல்லா கீது சார். ஆனா பெரியம்மா கையெழுத்து இல்லாம ஒண்ணியும் நடக்காது. பாதி அவங்குளுது" என்றார் தரகர். எங்கள் வீட்டுக்குள் நின்று அதைச் சத்தமாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நான் சித்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விற்பதற்கு முன் வரி எவ்வளவு வரும் என்று கேட்டுக்கொள்ள மூன்று பேரும் தி. நகருக்குப் போனோம். அண்ணனுடைய ஆடிட்டர் ஒரு துணிக்கடைத் தெருவில் மாடியில் இருந்தார். கீழே தள்ளுமுள்ளு, ஆடித் தள்ளுபடிக் கூட்டம். சித்தி கைப்பிடியைப் பிடித்து மெதுவாகப் படியேறினாள்.

ஆடிட்டர் நிதானமான மனிதர். எங்களுக்குப் புரியும்படி சொன்னார். "வீடு ஒண்ணுதான். ஆனா வரிக்கு நீங்க மூணு பேர். அவங்கவங்க பங்குல வர்ற லாபத்துக்கு அவங்கவங்கதான் பொறுப்பு." பழைய வீடு என்பதால், வாங்கிய விலையை எடுத்துக்கொள்ளாமல் இரண்டாயிரத்து ஒன்றில் அதற்கு என்ன மதிப்பு இருந்ததோ அதைக் கழிப்பார்களாம். மிச்சம் லாபம். அந்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி. ஆனால் அந்த லாபத்தை இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீட்டில் போட்டுவிட்டால், போட்ட அளவுக்கு வரி கிடையாது. அப்படி வாங்கிய வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்கக் கூடாது. விற்றால் விட்டுப்போன வரி திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும்.

அண்ணனுக்கு வீடு வாங்க வழியில்லை. அவன் பங்கு வந்த கையோடு கடன்காரர்களுக்குப் போக வேண்டியது. ஆகவே அவன் மட்டும் முழு வரியும் கட்டியாக வேண்டும். அதைக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போயிற்று. பிறகு, தன்னுடையது போனால் போகட்டும், எங்களுடையதையாவது காப்பாற்றலாம் என்று ஒரு யோசனை சொன்னான். சித்தியும் நானும் சேர்ந்து அடையாறில் அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய ஃபிளாட்டாக ஒன்று வாங்குவது. லிஃப்ட் இருக்கும், தண்ணீர் வராது. இரண்டு பேர் லாபமும் அதில் அடங்கிவிடும், ஒரு ரூபாய் வரி வராது. அவன் தினமும் வந்து எங்களைப் பார்த்துக்கொள்வான்.

ஆடிட்டர் அதுதான் சரி என்றார். எனக்கும் அதுதான் ஆசை. பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு நானும் சித்தியும் உட்கார்ந்திருப்பதுவரை நான் மனத்துக்குள் பார்த்துவிட்டேன்.

சித்தி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நான் தனியா, சின்னதா ஒண்ணு வாங்கினா என்ன ஆகும் சார்?"

"வாங்கலாம்மா. ஆனா உங்க பங்குதான் இருக்கறதுலயே பெருசு. சின்ன வீடு வாங்கினா, மிச்ச லாபத்துக்கு வரி விழும்."

"எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவாயில்லையா?"

"குடியிருக்கற வீடா இருந்தா போதும்."

"அப்ப எனக்குச் சின்னது போதும். மிச்சத்துக்கு வரி கட்டிடறேன்."

மிச்சத்தை அரசாங்கக் கடன் பத்திரங்களில் ஐந்து வருடத்துக்குப் போட்டு வைக்கும் வழியும் உண்டு என்று ஆடிட்டர் சொல்லிப் பார்த்தார். ஐந்து வருடம் யார் கண்டது என்று சித்தி சிரித்தாள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. தான் கட்ட முடியாமல் கட்டப்போகிற வரியை இவள் வேண்டுமென்றே கட்டுகிறேன் என்கிறாளே என்று அவனுக்கு.

"எதுக்கு சித்தி? எதுக்குக் கொண்டுபோய்க் கொட்டணும்?"

"முப்பத்தாறு வருஷம் என் சம்பளத்துல வரி பிடிச்சாங்க. அப்ப யாரும் எதுக்குன்னு கேக்கலையேப்பா."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. டிரங்க் கால் போட்டுத் தரும்போது பேசுகிற அதே குரல்தான். அண்ணன் காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்தான். படி இறங்கும்போது என் காதருகே, சித்தி அந்தச் சின்ன வீட்டை வாடகைக்கு விட நினைக்கிறாள் போலிருக்கிறது, வயதான காலத்தில் ஒரு வருமானம் வேண்டுமென்று பயப்படுகிறாள், அதுவும் நியாயம்தான் என்றான். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

வீடு விற்றாயிற்று. என் கால் பங்கில் தி. நகரில், ஒரு சந்துக்குள், பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை உள்ள ஃபிளாட் கிடைத்தது. காற்றோட்டமான அறையைச் சித்திக்கென்று ஒதுக்கினேன். புதுக் கட்டில் வாங்கிப் போட்டேன். ராத்திரி எழுந்தால் தடுமாறக் கூடாதென்று குளியலறை வரை சுவரில் கைப்பிடி வைக்கச் சொன்னேன்.

சித்தி தனக்கு வாங்கியது சைதாப்பேட்டையில். மார்க்கெட்டுக்குப் பின்னால் முதல் மாடி. லிஃப்ட் இல்லை. ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. எலெக்ட்ரிக் ரயில் போனால் ஜன்னல் கம்பி லேசாக அதிரும். அதைவிட நல்ல இடங்களை நான் காட்டினேன். அவள் இரண்டு முறை தனியாக பஸ் ஏறிப் போய் அந்த வீட்டையே பார்த்துவிட்டு வந்தாள். வாடகைக்கு யார் வருவார்கள் இங்கே என்று நான் கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை.

அபிராமபுரத்தைக் காலி செய்வதற்கு இரண்டு நாள் முன்னால் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். சித்தி தன் பெட்டியையும் தையல் மெஷினையும் தனியாக நகர்த்தி வைத்தாள். அவற்றைச் சைதாப்பேட்டைக்கு ஏற்றிவிடச் சொன்னாள்.

"அங்க எதுக்கு சித்தி? காலி வீட்டுல போட்டு வைக்கவா?"

"நான் அங்கதான் இருக்கப் போறேன்."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். எங்கிட்ட என்ன குறை என்று கேட்டேன்.

"உங்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா. பொறந்த வீட்டுல இருந்தேன். அப்புறம் உங்க வீட்டுல இருந்தேன். தனியா எங்கயும் இருந்ததே இல்ல."

"எங்க வீடுன்னு ஏன் சொல்றீங்க? பாதி உங்களுதுதானே."

"பத்திரத்துல பாதி. எந்தப் பாதின்னு யாரும் காட்டலையே."

அவள் செய்தித்தாளை எடுத்துத் தம்ளர்களைச் சுற்ற ஆரம்பித்தாள். நான் பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் வந்து சத்தம் போட்டான். எழுபது தாண்டிய வயதில் தனியாகவா, பார்த்துக்கொள்ளாமல் விட்டுவிட்டோம் என்று ஊரில் நாலு பேர் எங்களைத்தானே பேசுவார்கள் என்றான். பேசுகிறவர்களைத் தன்னிடம் அனுப்பச் சொன்னாள் சித்தி. கடைசியில் அவனே வண்டி வைத்து அவள் சாமான்களைக் கொண்டுபோய் இறக்கினான். தன் கடையிலிருந்து ஒரு ஃபேனும் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். மாட்டிவிட்டுக் கீழே வந்து, தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எனக்குப் பல வாரம் கோபம் ஆறவில்லை. என் வீட்டில் காற்றோட்டமான அந்த அறை காலியாகக் கிடந்தது. அலுவலகத்திலிருந்து திரும்பினால் பேச ஆளில்லை. ரசம் வைத்தால் மூன்று நாள் வரும். அவள் தனியாக இருக்க ஆசைப்பட்டாள், நான் ஆசைப்படாமலே தனியானேன் என்று எண்ணிக்கொள்வேன்.

பிறகு போய்ப் பார்க்கத் தொடங்கினேன். அவள் ஒரே ஒரு பர்னர் உள்ள அடுப்பு வாங்கியிருந்தாள். ஹாலின் நடுவில், ஜன்னலைப் பார்த்தபடி கட்டிலைப் போட்டிருந்தாள். ஹாலில் போய் யாராவது கட்டில் போடுவார்களா என்று அம்மா இருந்தால் கேட்டிருப்பாள். ஒருநாள் நான் உள்ளே நுழைந்தபோது நெத்திலி வறுத்த வாசனை. எங்கள் வீட்டில் முட்டைகூட வந்தது கிடையாது. நான் திகைத்து நின்றதைப் பார்த்து, எக்ஸ்சேஞ்சில் உடன் வேலை பார்த்த பெண் டப்பாவில் கொண்டுவருவாள் என்றும், தான் முப்பது வருடம் அதைச் சாப்பிட்டிருப்பதாகவும் சித்தி சொன்னாள். "உங்கம்மாவுக்குத் தெரியாது" என்றாள். ஒரே கூரையின் கீழ் அவ்வளவு காலம் இருந்தும் எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

கூடையில் மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருத்திதான் அவளுக்கு அங்கே சிநேகிதம். பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிறவள். வியாபாரம் முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து சித்தியோடு பேசிவிட்டுப் போவாளாம். என்ன பேசுவார்கள் என்று சித்தி சொன்னதில்லை.

அவள் அங்கே போய் ஒரு வருடம் கழிந்திருந்தது. ஒரு காலை நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது சித்தியின் பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து அந்த மீன்காரம்மா பேசினாள். "அம்மா கதவைத் தொறக்கல. உள்ள மொனகுற மாதிரி சத்தம் கேக்குது. சீக்கிரம் வா கண்ணு." அண்ணனுக்குப் போன் செய்துவிட்டு நான் ஆட்டோவில் போய்ச் சேர்வதற்குள் அவன் வந்து, கதவை உடைத்து உள்ளே போயிருந்தான். குளியலறை வாசலில் சித்தி கிடந்தாள். வழுக்கி விழுந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வலியில் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் என்னைப் பார்த்ததும் புடவையைச் சரிசெய்யச் சொன்னாள். அண்ணன் அவளைக் கைகளில் ஏந்திப் படி இறங்கினான். கீழே மீன்காரம்மா கூடையை ஓரமாக வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள்.

ராயப்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் இனி மாடிப்படி கூடாது என்றார்கள். என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஒதுக்கி வைத்திருந்த அறைக்கு ஒருவழியாக ஆள் வந்தது. அப்படி வந்ததில் என்னால் மகிழ்ச்சி கொள்ள முடியவில்லை. சித்தி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாள். தண்ணீர் வேண்டுமென்றால்கூட, உனக்கு நேரம் இருக்கும்போது என்று ஆரம்பிப்பாள். கேட்காமல் அதட்டியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தோம். அவளுக்குக் கொடுப்பதற்கே என் சம்பளத்தில் பெரும்பகுதி போயிற்று. வரி போக மிஞ்சியதில் பெரும்பகுதியைச் சித்தி அண்ணன் மகனின் படிப்புக்கே கொடுத்திருந்தாள். கையில் வைத்திருந்தது மருத்துவமனையில் கரைந்துவிட்டது. அண்ணன் ஒருநாள் கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, சைதாப்பேட்டை வீட்டை விற்றுவிடலாமா என்று மெல்லக் கேட்டான். லிஃப்ட் உள்ளதாக வேறு பார்க்கலாம் என்றும் சொன்னான்.

"மூணு வருஷம் ஆகாம விக்கக் கூடாதுன்னு ஆடிட்டர் சொன்னாரே" என்றாள் சித்தி. "விட்டுப்போன வரியெல்லாம் திரும்பி வரும்."

"வாடகைக்காவது விடலாமா சித்தி?"

"வேணாம்ப்பா. பூட்டியே இருக்கட்டும். மூணு வருஷத்துக்குள்ள நான் எழுந்து போயிடுவேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்களில் யாருக்கும் பிடிக்காத அந்த வரிச் சட்டத்தை அவள் ஒரு கைப்பிடி போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் நின்றது அது ஒன்றுதான். அதை அவள் கையிலிருந்து பிடுங்க நாங்களும் முயலவில்லை. அண்ணன் அதன்பிறகு விற்கும் பேச்சை அவளிடம் எடுக்கவே இல்லை.

அவள் எழுந்து நடக்கத்தான் பார்த்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹால் வரை வருவாள். நிலைப்படியைத் தாண்ட முடியாமல் திரும்புவாள். மழைக்காலம் வந்ததும் நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு வாங்கியது. அதிலேயே மெலிந்துகொண்டு போனாள். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, "அந்த வீட்டுக்கு கரன்ட் பில் கட்டிட்டியா?" என்று கேட்டாள். கட்டிவிட்டேன் என்றேன். "பாத்துக்கோ, ஃபியூஸைப் புடுங்கிடப் போறாங்க" என்றாள். அதன்பிறகு அவள் பேசியது எதுவும் எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. கார்த்திகையில் போய்விட்டாள். அண்ணன்தான் மொட்டை போட்டுக்கொண்டு பிள்ளையாக இருந்து கொள்ளி வைத்தான். சாம்பலைக் கரைக்க நாங்கள் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனபோது தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் நனைந்தபடி திரும்பினோம்.

சித்தி உயில் எழுதவில்லை. கல்யாணமாகாதவள், பெற்றோர் இல்லை, கூடப்பிறந்தவள் என் அம்மா ஒருத்திதான், அவளும் இல்லை. ஆகவே வாரிசு நாங்கள் இருவரும். சைதாப்பேட்டை வீடு பாதி எனக்கும் பாதி அண்ணனுக்கும் என்று ஆயிற்று. மறுபடியும் நாங்கள் அதே ஆடிட்டரிடம் போனோம். இறந்துபோனதை விற்றதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். ஆனாலும் நாளைக்கு ஒரு நோட்டீஸ் வந்து, அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பானேன், சித்தி வாங்கிய தேதியிலிருந்து மூன்று வருடம் முடியட்டும் என்றார்.

அப்படி ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த வீடு பூட்டிக் கிடந்தது. மாதம் ஒருமுறை நான் போய்த் திறந்து, பெருக்கி, ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, காற்று உள்ளே வந்துபோகும் வரை உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை படியில் மீன்காரம்மாவைப் பார்த்தேன். சித்தி போன செய்தி அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நைட்டியை மாத்திக்கினு வந்து எனக்கும் சேத்து டீ போடும்மா அது" என்று மட்டும் சொன்னாள். சித்தி நைட்டி போட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டை விற்க எனக்கு மனமில்லை. ஆனால் அண்ணனின் பாதியை வாங்கிக்கொள்ள எனக்கு வகையும் இல்லை. இதற்குள் அவன் கடையை மூடிவிட்டு வேறொருவர் ஷோரூமில் விற்பனையாளராகச் சேர்ந்திருந்தான். அறுபதை நெருங்குகிற வயதில் கம்பெனி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வாசலில் நின்று ஆட்களை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தான். அவன் என்னை ஒருநாளும் நெருக்கவில்லை. நெருக்கியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மூன்று வருடம் முடிந்த மாதம் நானே போன் செய்து வித்துடலாம் என்றேன். சரிம்மா என்றான்.

ஒரு புதுத் தம்பதி வாங்கினார்கள். கணவனும் மனைவியும் இருவர் பெயரிலும் பதிவு செய்தார்கள். சித்தி வாங்கிய விலையே எங்களுக்கும் அடக்கவிலை, அதைக் கழித்து மிஞ்சுவதை இரண்டாகப் பிரித்தால் வரி என்று பெரிதாக ஒன்றும் வராது என்றார் ஆடிட்டர். நல்ல செய்தியைச் சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம்.

பதிவு முடிந்து சாவியைக் கொடுத்த பிறகு, சைதாப்பேட்டையிலேயே ஒரு சின்ன ஓட்டலில் நானும் அண்ணனும் உட்கார்ந்தோம். அவன் இட்லி சொன்னான். எனக்குக் காபி போதும் என்றேன். இட்லியைப் பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"சித்தி அங்க சந்தோஷமா இருந்தாங்களா?" என்று கேட்டான். இவ்வளவு நாளில் அவன் அதைக் கேட்டதே இல்லை.

"தெரியலண்ணா. நான் போனா கொஞ்ச நேரத்துக்கு மேல இருக்க விட மாட்டாங்க. பஸ்ல கூட்டம் வந்துடும், கெளம்புன்னு சொல்லி, ஸ்டாப் வரைக்கும் வந்து ஏத்தி விட்டுட்டுத்தான் திரும்புவாங்க. நான் ஏறினதும் விறுவிறுன்னு நடந்து போயிடுவாங்க. ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்ல."

அண்ணன் பில்லைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்காங்க" என்றான்.

அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவனுக்கும் இருந்த மாதிரி தெரியவில்லை. பில்லை எடுத்துக்கொண்டு எழுந்தான். ஷோரூமில் அரை நாள் லீவுதான் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடையாறு பஸ்ஸுக்காகச் சாலையைக் கடந்தான். நான் தி. நகர் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நின்றேன். அது வர வெகுநேரம் ஆயிற்று.